மாமாவிடம் இல்லை என்று சொல்வது எப்படி: வேலூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

ராத்திரி எட்டரை மணிக்குப் போன் அடிக்கிறது. போளூரிலிருந்து பெரியப்பா. “இன்னாபா, நல்லா கீறியா? உங்க பெரிம்மாவ நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு வரேன். ஒரு பத்து நாளு உங்க வூட்டுலதான்.” “வாங்க பெரிப்பா” என்று வாய் சொல்லிவிடுகிறது. போனை வைத்த பிறகுதான் கணக்கு ஓடுகிறது. ஒரே படுக்கையறை. பையனுக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை. மாடியில் இருப்பது 500 லிட்டர் டேங்க்.

2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஆரணியும் போளூரும் 1989-லேயே திருவண்ணாமலைப் பக்கம் போய்விட்டன. சொந்தம் மட்டும் இன்னும் பழைய வடாற்காடு முழுக்கப் பரவித்தான் கிடக்கிறது. வைத்தியம், படிப்பு, வேலை என்று அத்தனை பேரும் வேலூர் வருகிறார்கள். ஆகவே இந்த ஊரில் வீடு வைத்திருப்பவருக்கு மறுக்கத் தெரிவது, கேஸ் சிலிண்டர் மாற்றத் தெரிவதைப் போல அவசியமான ஒன்று. இதுவரை ஒரு தடவைகூட இல்லை என்று சொல்லிப் பழகாதவர்களுக்காக இது எழுதப்படுகிறது.

முதல் வேலை: அளவை எழுதி வையுங்கள்

மறுப்பு வாயில் வராததற்குப் பெரும்பாலும் பயம் காரணமில்லை. எவ்வளவு தர முடியும் என்று நமக்கே தெரியாததுதான் காரணம். கேட்கிறவர் ஐம்பதாயிரம், பத்து நாள், இரண்டு கையெழுத்து என்று எண்ணோடு வருகிறார். நம்மிடம் எண் இல்லை. அவர் எண்ணே நிற்கும்.

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். கடந்த மூன்று மாதத்தில் உங்களிடம் வந்த கோரிக்கைகளை நான்கு கட்டமாக எழுதுங்கள்: யார் கேட்டது, என்ன கேட்டது, என்ன சொன்னீர்கள், அதனால் உங்களுக்கு ஆன செலவு. செலவு என்பதில் பணம், லீவு, தூக்கம், வீட்டில் வந்த சண்டை எல்லாம் சேரும். எழுதி முடித்துப் பார்த்தால், கஷ்டமெல்லாம் இரண்டு மூன்று பேரிடமிருந்தோ ஒரே மாதிரியான விஷயத்திலிருந்தோதான் வந்திருக்கும். ஊரையே மாற்ற வேண்டியதில்லை. அந்த இரண்டு மூன்று இடம்தான் வேலை.

பிறகு ஒவ்வொரு வகைக்கும் ஓர் எண் போடுங்கள். கைமாற்றுக்கு அளவு இது: திரும்பி வராமலே போனாலும் அந்த மாத வாடகை, ஸ்கூல் ஃபீஸ், மருந்துச் செலவு மூன்றும் தவறாமல் போகும் தொகை எதுவோ, அதுதான் நீங்கள் கொடுக்கக்கூடியது. சிலருக்கு இரண்டாயிரம், சிலருக்குப் பூஜ்யம். பூஜ்யமும் ஓர் அளவுதான். தங்க வருபவர்களுக்கு எத்தனை ராத்திரி, எத்தனை பேர். ஞாயிற்றுக்கிழமைகளில் மாதத்துக்கு எத்தனை விசேஷத்துக்குப் போகலாம். இப்படி.

இதில் மொய்யைச் சேர்க்காதீர்கள். மொய் நோட்டில் அவர்கள் உங்களுக்கு எழுதியதைத் திருப்பி எழுதுவது உதவி அல்ல, கடன். அங்கே இல்லை என்று சொன்னால் எல்லை போடுவதாகாது, பாக்கி வைப்பதாகும். சீர், மொய், தாய்மாமன் கடமை எல்லாம் ஒரு பக்கம். உதவி இன்னொரு பக்கம். இரண்டையும் கலந்துகொள்பவர்கள்தான் கடைசியில் எல்லோரோடும் மனஸ்தாபமாகிறார்கள்.

எண்ணை வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள். கணவன், மனைவி மட்டும் போதாது, அம்மாவுக்கும் தெரிய வேண்டும். இது பெரும்பாலும் தவறுவது இங்கேதான்: மகன் திண்ணையில் மறுத்துக்கொண்டிருப்பார், அம்மா சமையலறையில் “அவன் கெடக்கறான், நான் சொல்றேன் விடு” என்று ஒப்புக்கொண்டிருப்பார்.

சொல்லைத் தேர்ந்தெடுப்பது

நம்மூரில் அதிகம் செலவு வைக்கும் சொல் “பாக்கலாம்”. சொல்பவர் மனதில் அது மறுப்பு. கேட்பவர் காதில் அது பாதிச் சம்மதம். அவர் வேறு யாரையும் கேட்காமல் உங்களையே நம்பி இருப்பார். கடைசி நாளில் நீங்கள் கையை விரித்தால் கோபம் இரண்டு மடங்காக வரும், அந்தக் கோபத்தில் நியாயமும் இருக்கும். “ட்ரை பண்றேன்”, “சொல்லி அனுப்பறேன்”, “கஷ்டம்தான்” மூன்றும் அதே ரகம்.

அடுத்தது “முடியாது”. தெளிவான சொல்தான், ஆனால் அது சக்தியைப் பற்றிப் பேசுகிறது. முடியாது என்றால் ஏன் முடியாது என்று கேட்டு, முடிய வைக்க வழி சொல்வார்கள். “துட்டு இல்லன்னா இன்னா, அந்த வளையல வெச்சுக் குடு, மூணு மாசத்துல மூட்டுக்கலாம்.” சரி, “மாட்டேன்” என்று சொல்லலாமா? பெரியவர்களிடம் அது முகத்தில் அடித்த மாதிரி விழும்.

தமிழில் இதற்கென்றே ஒரு வடிவம் இருக்கிறது. “போடறதில்ல”, “குடுக்கறதில்ல”, “வாங்கறதில்ல”. “நான் யாருக்கும் ஜாமீன் போடறதில்ல மாமா.” இதில் முடியுமா முடியாதா என்ற பேச்சே இல்லை. அவரை மட்டும் ஒதுக்கியதாகவும் இல்லை. கோயிலுக்கு மாலை போட்டவர் “கறி சாப்பிடறதில்ல” என்று சொன்னால் யாராவது வாதாடுகிறார்களா? அதே நடை இங்கும் வேலை செய்கிறது. ஒரே ஒரு நிபந்தனை: அது உண்மையாக இருக்க வேண்டும். மாமாவுக்குப் போடாத கையெழுத்தை மச்சானுக்குப் போட்டால் அந்த வாக்கியம் அன்றோடு செத்துப்போகும்.

முறைச்சொல்லை வாக்கியத்தின் முன்னாலும் பின்னாலும் வையுங்கள். “மாமா, நாங்க கடன் குடுக்கறதில்லீங்க மாமா.” மரியாதையை “மாமா”வும் “ங்க”வும் சுமந்துகொள்ளும், நடுவில் உள்ள வினை தயங்காமல் நிற்கலாம். மரியாதைக்காக வினையைக் குழைத்தால்தான் பொருள் கெடுகிறது.

பொய்க் காரணம் சொல்லாதீர்கள். அறம் ஒரு பக்கம் இருக்கட்டும், காரணம் என்பது பிடித்துத் தூக்க ஒரு காது கொடுப்பது. “அன்னிக்கு ஊர்ல இல்ல” என்றால் தேதியை மாற்றுவார்கள். “அவருக்கு இஷ்டமில்ல” என்றால் நேரே அவரிடமே போவார்கள். பெண்கள் பலர் கணவர் மேலும், ஆண்கள் பலர் மனைவி மேலும் பழியைப் போட்டுத் தப்பிப்பது வழக்கம். அந்த நேரத்துக்கு வேலை ஆகும். ஆனால் உங்கள் வீட்டுக்காரரைப் பற்றி அடுத்த பத்து வருஷத்துக்குச் சொந்தத்தில் ஒரு பேர் நிற்கும்.

சொல்லும் நேரமும் இடமும்

சபையில் மறுக்காதீர்கள். காதுகுத்து வீட்டில் பந்திக்கு முன்னால், சம்பந்தி பக்கத்தில் நிற்கும்போது கேட்டால், “தனியா பேசலாம் மாமா, கை கழுவிட்டு வரேன்” என்று கொஞ்சம் தள்ளி அழைத்துப்போங்கள். நாலு பேர் எதிரில் மறுத்தால் அவருக்கு விஷயம் மறந்து மானம் முன்னால் வந்து நிற்கும்.

உடனே பதில் வரவில்லையென்றால் நேரம் வாங்கலாம், ஆனால் மணி சொல்லி வாங்குங்கள். “நாளைக்குக் காலைல பத்து மணிக்குள்ள நானே போன் பண்றேன்.” பத்தைத் தாண்டினால் அதுவும் “பாக்கலாம்”தான். போன் செய்யும் முன் நான்கு எண்ணி மூச்சை இழுத்து ஆறு எண்ணி விடுவதை ஐந்து தடவை செய்யுங்கள், குரல் படபடக்காது. எழுதி வைத்த வாக்கியத்தைப் படியுங்கள். சொல்லி முடித்ததும் வாயை மூடுங்கள். அடுத்து வரும் நாலைந்து விநாடி மௌனம்தான் கடினமான பகுதி. பெரும்பாலோர் அதைத் தாங்காமல் “இல்ல, வேணும்னா...” என்று தாங்களே ஆரம்பித்து அத்தனையையும் கரைத்துவிடுகிறார்கள்.

அவர் மறுபடி கேட்பார். அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பந்தியில் “போதும் போதும்” என்றால் இன்னும் ஒரு கரண்டி விழுகிறது அல்லவா? நம் வழக்கத்தில் முதல் மறுப்பு மரியாதைக்குச் சொல்வது. அந்தக் காதோடுதான் அவர் உங்கள் பதிலையும் கேட்கிறார். இலைமேல் கையைக் குறுக்கே வைத்தால்தான் பரிமாறுபவர் நகர்வார். இரண்டாம் தடவை அதே வாக்கியத்தை, அதே சொற்களில், குரலை உயர்த்தாமல் சொல்வது அந்தக் கைதான். மூன்றாம் தடவையும் அதுவே. புதுச் சொல் சேர்க்காதீர்கள். நாலாவது தடவை இறங்கிவிட்டால், நாலு தடவை கேட்டால் கிடைக்கும் என்று நீங்களே சொல்லிக்கொடுத்ததாக ஆகும். அடுத்த முறை அவர் நாலு தடவை கேட்பார்.

இதுவரை எல்லாவற்றுக்கும் தலையாட்டிய ஒருவர் திடீரென்று நிறுத்தினால், முதல் சில வாரம் அழுத்தம் கூடத்தான் செய்யும். போன் அதிகமாகும், “மாறிட்ட” என்பார்கள், அத்தையிடம் சொல்லி அனுப்புவார்கள். வழி தப்பிவிட்டது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். திறந்துகொண்டே இருந்த கதவு திறக்கவில்லையென்றால் யாரும் முதலில் பலமாகத்தான் தள்ளிப் பார்ப்பார்கள்.

வைத்தியத்துக்கு வரும் சொந்தம்

இது வேலூருக்கே உரிய கஷ்டம், கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டியது. நோயாளியோடு வருபவரிடம் மொத்தமாக இல்லை என்று சொல்ல மனம் வராது, வரவும் வேண்டாம். இங்கே அளவோடு சரி என்பதுதான் வழி, அதையும் வரும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

போனிலேயே நாலு கேள்வி கேளுங்கள். எத்தனை பேர்? என்ன தேதிக்கு அப்பாயின்மென்ட்? எந்த வளாகம்? எத்தனை நாள் ஆகும் என்று சொன்னார்கள்? சி.எம்.சி. என்றால் ஊருக்குள் இருக்கும் பழைய ஆஸ்பத்திரி என்றே பலர் நினைக்கிறார்கள். 2022-ல் திறந்த ராணிப்பேட்டை வளாகம் ரத்தினகிரிப் பக்கம் இருக்கிறது. அங்கே போக வேண்டியவர்கள் காகிதப்பட்டறையிலோ கொசப்பேட்டையிலோ உங்கள் வீட்டில் தங்கினால் அவர்களுக்கும் அலைச்சல். சீட்டைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். பல சமயம் இந்தக் கேள்விகளிலேயே பத்து நாள் என்பது மூன்று நாளாகிவிடும்.

பிறகு சொல்லுங்கள்: “பெரிப்பா, ரெண்டு ராத்திரி நம்ம வூட்ல தங்குங்க, நீங்க ரெண்டு பேரும். மூணாம் நாள்லேருந்து ஆஸ்பத்திரி கிட்டயே ரூம் பாத்து வெக்கறேன். பையனுக்குப் பரீட்ச, அதுக்கு மேல நம்ம வூட்ல தங்கறதுக்கு ஆகாதுங்க பெரிப்பா.” பரீட்சை உண்மையான காரணமாக இருந்தால் சொல்லலாம், ஒரே தடவை. பாபுராவ் தெரு, காந்தி ரோடு பக்கமெல்லாம் லாட்ஜுகள் வரிசையாக உண்டு. சமைத்துக்கொள்ள வசதியுள்ள அறைகளும் கிடைக்கும். நீங்களே ஒரு நாள் சாயங்காலம் நடந்து போய் மூன்று இடத்தில் வாடகை, தண்ணீர், லிஃப்ட் விசாரித்து எழுதி வைத்துக்கொண்டால், அடுத்தடுத்து வரும் எல்லோருக்கும் அந்தத் தாள் உதவும். வெறும் மறுப்பை விட இந்தத் தாள் சொந்தத்தைக் காப்பாற்றும்.

செய்யப்போவதையும் எண்ணோடு சொல்லுங்கள். முதல் நாள் காலையில் கூட வருவேன். மத்தியானச் சாப்பாடு மூன்று நாள் தூக்கில் கொடுத்தனுப்புவேன். சனிக்கிழமை வந்து பார்ப்பேன். “எது வேணும்னாலும் சொல்லுங்க” என்று மட்டும் சொல்லாதீர்கள். அது மனதிலிருந்து வரும் சொல்தான், ஆனால் நள்ளிரவில் ரத்தம் தேடி அலைவதிலிருந்து பில் கட்டுவது வரை எல்லாம் அதில் அடங்கிவிடும்.

இரண்டாம் ராத்திரி சாப்பிடும்போது, “நாளைக்குப் பதினோரு மணிக்கு ரூம் ரெடி, நான் ஆட்டோ கூட்டியாரேன்” என்று ஞாபகப்படுத்துங்கள். அந்த ஒரு வரியைச் சொல்லக் கூச்சப்பட்டதால்தான் இரண்டு நாள் இருபது நாளாகிறது. நோயின் நிலைமையே மாறி, ஆபரேஷன் என்று ஆகிவிட்டால் அளவை நீங்களே மாற்றலாம். நீங்களாக மாற்றுவது வேறு, தானாக நீள்வது வேறு.

ஜாமீன் கையெழுத்து

இதற்கு அளவு பூஜ்யம் என்று வைத்துக்கொள்வதே நல்லது. “சும்மா ஒரு கையெழுத்துதான்” என்று கேட்பவர் பெரும்பாலும் பொய் சொல்வதில்லை, அவருக்கே தெரியாது. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128-வது பிரிவுப்படி, வேறுவிதமாக ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலன்றி, ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமம். அவரிடம் கேட்டு முடித்துவிட்டுத்தான் உங்களிடம் வர வேண்டும் என்று வங்கிக்குக் கட்டாயமில்லை. அவர் தவணை தவறினால் உங்கள் சிபில் கணக்கும் அடிபடும். நாளை உங்கள் வீட்டுக் கடன் அங்கே நிற்கும். கடன் கொடுத்து முடித்த பிறகு, மனம் மாறி ஜாமீனிலிருந்து தனியாக விலகவும் முடியாது, வங்கி ஒப்புக்கொண்டால் ஒழிய.

அரசு ஆசிரியர், போக்குவரத்துக் கழகம், மின்வாரியம் என்று நிரந்தரச் சம்பளம் வாங்குபவரைத்தான் முதலில் தேடி வருவார்கள். சம்பளச் சான்றிதழ் கேட்கும்போதே பேச்சை நிறுத்துங்கள். சான்றிதழைக் கொடுத்துவிட்டுக் கையெழுத்தை மறுப்பது யாருக்கும் புரியாது. சொல்ல வேண்டியது: “அண்ணே, நான் ஜாமீன் போடறதில்ல. பேப்பர் எதுனா சரிபாக்கணும்னா குடுங்க, ஞாயித்துக்கிழம ஒக்காந்து பாத்துத் தரேன்.”

எழுதாத செக்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது இதைவிட மோசம். தொகையை அவர்கள் நிரப்பிக்கொள்ள முடியும். கடனுக்கான செக் பணமில்லாமல் திரும்பினால், மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-வது பிரிவின் கீழ் இரண்டு வருஷம் வரை சிறையோ, செக் தொகையைப் போல இரண்டு மடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ வரலாம். பேங்க் பாஸ்புக்கையும் ஏ.டி.எம். கார்டையும் “ஒரு பணம் வருது, உன் கணக்குல போட்டுக்கறேன்” என்று கேட்டாலும் கொடுக்காதீர்கள். மோசடிப் பணம் அப்படித்தான் கைமாறுகிறது, போலீஸ் முதலில் தேடுவது கணக்குக்காரரை. கொடுத்துவிட்டீர்கள் என்றால் உடனே வங்கியில் சொல்லி, சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கும் அழையுங்கள்.

மற்றவை, சுருக்கமாக

ஆம்பூர், ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு ஷூ கம்பெனிகளில் ஷிப்மென்ட் நெருங்கினால் சூப்பர்வைசர் லைனுக்கே வந்து ஓ.டி. கேட்பார். தினமும் இழுத்து இழுத்து நிற்பதற்குப் பதில் திங்கட்கிழமையே நாளைச் சொல்லிவிடுங்கள்: “சார், இந்த வாரம் செவ்வாய், வியாழன் ரெண்டு நாள் நிக்கறேன். மத்த நாள் கம்பெனி பஸ்ஸுல போயிடுவேன்.” மிகை நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி என்பது சட்டம், நின்ற மணியைத் தேதியோடு ஒரு டைரியில் குறித்து வையுங்கள்.

குழுக் கடனில் உங்கள் பேரில் வாங்கி இன்னொருவர் எடுத்துக்கொள்வது நிறைய நடக்கிறது. கையெழுத்து யாருடையதோ கடன் அவருடையது. “என் பேர்ல நான் செலவு பண்ற கடன மட்டும்தான் வாங்கறது” என்று குழுக் கூட்டத்திலேயே ஒரு தடவை சொல்லிவிடுங்கள். இது மட்டும் சபையில் சொல்ல வேண்டியது, ஏனென்றால் தனித்தனியாக ஆறு பேர் கேட்பார்கள்.

பதினெட்டு வயது ஆகாத பையனுக்கு பைக் சாவி தரவே கூடாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு வண்டிச் சொந்தக்காரருக்கு 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருஷம் வரை சிறை, 12 மாதம் ஆர்.சி. ரத்து. பக்கத்து வீட்டு அக்காவிடம் இதைச் சொன்னால் அவரே சாவியைத் திருப்பித் தருவார்.

குழந்தை சித்தப்பாவுக்கு முத்தம் கொடுக்க மறுத்தால் கட்டாயப்படுத்தாதீர்கள். “வணக்கம் சொல்லு, போதும்” என்று நீங்களே முன்னால் வந்து சொல்லுங்கள். தன் உடம்பின் மேல் தன் சொல் செல்லும் என்று அது கற்றுக்கொள்ள வீடுதான் இடம்.

தனியாக மறுக்கக் கூடாத இடங்கள் உண்டு. மறுத்தால் கை நீட்டுபவர் வீட்டில் இருந்தால் மேலே சொன்ன எதுவும் முதல் படி ஆகாது. மகளிர் உதவி எண் 181-க்கு அழையுங்கள், உடனடி ஆபத்து என்றால் 112. கந்துவட்டிக்காரரிடம் தனியாகப் பேசப் போகாதீர்கள். அதற்கு 2003-லிருந்து தமிழ்நாட்டில் தனிச் சட்டமே இருக்கிறது, எழுத்தில் புகார் கொடுங்கள். மறுக்க நினைத்தாலே நெஞ்சு அடைத்து, தூக்கம் போய், வாரக்கணக்கில் தொடர்ந்தால் மனநல உதவி எண் 14416-ல் தமிழில் பேசலாம், கட்டணமில்லை.

பழகுவதும், சொன்னதைத் திரும்ப எடுப்பதும்

பெரியப்பாவோடு ஆரம்பிக்காதீர்கள். முதல் வாரம் கடையில்: “கவர் வேணாங்க”, “அந்தக் கலர் வேணாங்க, வெச்சிடுங்க.” பத்துப் புடவை பிரித்துக் காட்டிய பிறகும் வாங்காமல் எழுந்து வருவது நல்ல பயிற்சி. இரண்டாம் வாரம் நண்பரிடம் ஒரு சின்ன விஷயம். மூன்றாம் வாரம் நோட்டில் குறித்த பேர்களில் எளிதானவர். மறுத்த இரண்டு நாளுக்குள் அவருக்கு வேறு காரணமாக ஒரு போன் செய்யுங்கள். பாட்டிக்கு முட்டி வலி எப்படி, மழை உண்டா என்று. விஷயத்தைத்தான் மறுத்தோம், ஆளை இல்லை என்பது அந்தப் போனில் அவருக்குத் தெரியும். மறுத்ததைப் பற்றி அதில் பேசக் கூடாது, மன்னிப்பும் கேட்கக் கூடாது.

ஏற்கனவே சரி என்று சொல்லியாகிவிட்டது என்றால்? ஒரு நாளுக்குள், அவர் அதை நம்பிப் பணம் கட்டும் முன், நேரில் அல்லது போனில் நீங்களே சொல்லுங்கள். மெசேஜ் வேண்டாம். மன்னிப்பு ஒரே தடவை. அவர் ஏற்கனவே டிக்கெட் எடுத்திருந்தால் அந்தச் செலவு உங்களுடையது. போளூர்ப் போனுக்கு மறுநாள் காலை ஆறரைக்குள் திரும்ப அழைத்தால் பஸ் ஏறும் முன் பிடித்துவிடலாம்: “பெரிப்பா, நேத்து அவசரத்துல பத்து நாளுன்னு ஒத்துகினேன், தப்பு எம்மேலதான். ரெண்டு ராத்திரி நம்ம வூட்ல. மூணாம் நாளுக்கு ரூம் நான் இன்னிக்கே போய்ப் பாத்துடறேன். பெரிம்மாவுக்கு மாடி ஏற முடியுமா, கீழ் ரூமா பாக்கட்டுமா?”